வியன்னாவில் ஆறு நாள்: தள்ளுவண்டி, தாத்தா, அரை லிட்டர் பால்

முதல் நாள், சனிக்கிழமை

குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அப்பா தூங்கவில்லை. காபி கிடைத்திருந்தால் தூங்கியிருப்பார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு நேர் ரயில் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம். கணவருக்கு விடுப்பு இல்லை என்பதால் கிளம்பியவர்கள் நால்வர்: நான், ஏழு வயதுப் பெரியவள், நான்கு வயதுச் சின்னவன், கும்பகோணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் என் அப்பா. அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். பயணி இருக்கையில் உட்கார்ந்து போவது அவருக்கு இன்னும் பழகவில்லை. லின்ஸ் தாண்டும்வரை வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்த ரயிலில் குடும்பப் பகுதியில் இடம் பதிவுசெய்துகொள்ளுங்கள். அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு சின்னத் திரையில் படம் ஓடுகிறது. சால்ஸ்பர்க்கின் மலைகளை நான் பார்த்தேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஓர் இடம். போன வருடம் பாரிஸில் ஒரே நாளில் நான்கு இடம் பார்த்து, ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றை முதுகிலும் தூக்கிக்கொண்டு திரும்பியவள் நான். பக்கத்துத் தெருவில் அரண்மனையே இருந்தாலும் இரண்டாவது இடம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

இனி பால். அப்பாவின் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே பித்தளை ஃபில்டரும் காபிப் பொடியும் இருந்தன. வியன்னா ரயில் நிலையத்திலேயே பெரிய மளிகைக் கடை திறந்திருந்தது. சின்னவனின் தள்ளுவண்டி, இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. இத்தனைக்கு மேல் பாலையும் எதற்குச் சுமப்பது, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மியூனிக்கில் சனிக்கிழமை இரவு எட்டு மணிவரை கடை உண்டு. இங்கே ஆறு மணிக்கே சனிக்கிழமை முடிந்துவிடுகிறது. நாங்கள் தெருமுனைக் கடை வாசலில் நின்றபோது மணி ஆறு இருபது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பால் அடுக்கிவைத்திருந்தது நன்றாகத் தெரிந்தது. நாளை ஞாயிறு; கடையே கிடையாது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டிகாஷன் இறக்கி, பாதித் தம்ளர் ஊற்றி, வெந்நீர் கலந்து ஒரு வாய் குடித்தார். "கஷாயம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையில் எழுந்தால் அப்பாவைக் காணவில்லை. கைப்பேசி மேசைமேல் இருக்கிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது இரண்டு அட்டைப்பெட்டிகளோடு படியேறி வந்தார். பிராட்டர்ஸ்டெர்ன் நிலையத்துக் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறதாம். எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அப்பா?"

"ரயில் நிற்கிற இடத்தில் டீக்கடை இல்லாமல் இருக்குமா?"

இரண்டு பெட்டியிலும் மாடு படம் போட்டிருந்தது. ஒன்று பால், இன்னொன்று மோர். எது எது என்று காபியில் ஊற்றித்தான் தெரிந்துகொண்டோம்.

இன்றைய இடம் பிராட்டர். ஒரு காலத்தில் அரச குடும்பம் வேட்டையாடிய காடு. 1766-ல் இரண்டாம் யோசேப்பு மன்னர் மக்களுக்குத் திறந்துவிட்டார். அதன் ஒரு முனையில் கேளிக்கைப் பூங்கா. உள்ளே போகக் கட்டணமில்லை, ஏறும் விளையாட்டுக்கு மட்டும் காசு. இது பெற்றோருக்கு வரம்போலத் தோன்றும். உள்ளே போனால்தான் எத்தனை விளையாட்டு இருக்கிறது என்று தெரியும். வாசலிலேயே ஆளுக்கு மூன்று என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

ரீசன்ராட் என்னும் பெரிய ராட்டினம் 1897-ல் கட்டியது. உயரம் ஏறக்குறைய 65 மீட்டர். தொங்குவது நாற்காலியல்ல, ஜன்னல் வைத்த சிவப்பு ரயில் பெட்டிபோல ஓர் அறை. அதற்குள் எழுந்து நடக்கலாம். சின்னவன் நடந்தான், நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அப்பாவுக்கு ஏமாற்றம். "ராட்டினம் என்றால் இறங்கும்போது வயிற்றில் ஜிலீர் என்று இருக்க வேண்டும். இது வீட்டைத் தூக்கி மெதுவாக இறக்கி வைக்கிறது" என்றார். ஆனால் கீழே வந்ததும் நின்று அண்ணாந்து எண்ணினார். "பதினைந்து பெட்டிதான் இருக்கிறது. ஒன்று விட்டு ஒன்று காணோமே?"

அவர் சொன்னது சரி. முதலில் முப்பது பெட்டிகள் இருந்தன. 1944-ல் போரில் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டியபோது சக்கரத்துக்குப் பாரம் தாங்குமோ என்ற பயத்தில் பாதிப் பெட்டிகளை மட்டும் மாட்டினார்கள். நான் பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் இடைவெளியைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

பிறகு லிலிபுட் ரயில். 1928 முதல் ஓடுகிறது. காட்டுக்குள் நான்கு கிலோமீட்டர். உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். பெரிய ராட்டினத்தைவிடக் குழந்தைகளுக்கு இதுதான் பிடித்தது. மதியச் சாப்பாடு லாங்கோஷ்: நம் பூரியைத் தட்டளவு பெரிதாகப் பொரித்து மேலே பூண்டுத் தண்ணீர் தடவிக் கொடுக்கிறார்கள். அப்பா இரண்டு சாப்பிட்டார், கிழங்கு இல்லையே என்ற குறையோடு.

ஒரு தகவல். ஆறு வயதுக்குக் கீழ் நகரப் போக்குவரத்தில் என்றும் டிக்கெட் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும், வியன்னாப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட நாட்களிலும் பதினைந்து வயதுவரை இலவசம். வயதைக் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இது ஜூலை மாதம், அதனால் பெரியவளுக்கும் ஆறு நாளும் இலவசம்.

மூன்றாம் நாள், திங்கள்

ஷான்ப்ருன். அரண்மனைக்குப் போகவில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம். 1,441 அறைகள் கொண்ட மாளிகை. மரியா தெரேசா பதினாறு குழந்தைகளைப் பெற்ற ராணி. ஆறு வயது மோட்சார்ட் 1762-ல் வந்து அவர்முன் வாசித்துக் காட்டிய இடம். எல்லாம் தெரியும். வெல்வெட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்காலிகளை நான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவது, மிட்டாய்க் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துவிட்டு வாங்கித் தராமல் வருவதற்குச் சமம். தோட்டத்துக்குக் கட்டணமில்லை. நாங்கள் போனது தோட்டத்துக்குள் இருக்கும் மிருகக்காட்சி சாலைக்கு.

1752-ல் ராணியின் கணவர் ஃபிரான்ஸ் ஸ்டெஃபான் தொடங்கியது. இன்றும் நடந்துகொண்டிருக்கும் மிருகக்காட்சி சாலைகளில் உலகிலேயே பழையது. நடுவில் மஞ்சள் நிற எண்கோண மண்டபம்; அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள்போலக் கூண்டுகள். மன்னர் குடும்பம் மண்டபத்தில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விலங்கைப் பார்க்கலாம். இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். நாங்கள் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை வெளியே பெஞ்சில் பிரித்தோம்.

சின்னவன் யானையை முன்பே அறிந்தவன். போன வருடம் ஊருக்குப் போனபோது கோயில் யானை அவன் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசீர்வாதம் செய்தது. அன்று முதல் அவன் மனத்தில் யானையின் வேலை அதுதான். இங்கே தடுப்புச் சுவரின் முன் போய்த் தலையைக் குனிந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். யானை முப்பதடி தள்ளி வைக்கோல் தின்றது.

"தாத்தா, இது எப்போது வரும்?"

"இது ஆப்பிரிக்க யானை கண்ணா. காதைப் பார், நம் யானையின் காதைப்போல இரண்டு மடங்கு. இதற்கு நம் பழக்கம் தெரியாது."

"நீங்கள் காசு கொடுக்கவில்லை. அதனால்தான் வரவில்லை."

அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு யூரோ நாணயத்தை எடுத்து யானைக்குக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஓர் ஆஸ்திரியப் பாட்டி எங்களை வெகுநேரம் பார்த்தார். விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை.

மழைக்காட்டு இல்லம் என்று ஒரு கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டது. அப்பா மட்டும் இரண்டு வாரத்தில் முதல்முறையாக ஸ்வெட்டரைக் கழற்றினார். "இப்போதுதான் மூச்சு வருகிறது" என்று அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பாண்டா பார்க்க நேரம் போதவில்லை. எழுதும்போதுதான் உறைக்கிறது: பாண்டா இருக்கும் ஊருக்குப் போய்ப் பாண்டா பார்க்காமல் வந்திருக்கிறோம்.

இரவுச் சாப்பாடு கைசர்ஷ்மாரன். தடிமனான இனிப்பு அடையைச் சட்டியிலேயே பிய்த்துப் போட்டு, மேலே சர்க்கரைத் தூள் தூவி, பிளம்ஸ் பழக் கூழோடு தருகிறார்கள். பெரியவள் பார்த்ததும் பெயர் வைத்துவிட்டாள்: இனிப்புக் கொத்துப் பரோட்டா. முட்டை உண்டு, சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள், செவ்வாய்

விதியை மீறினேன். முழுப் பொறுப்பும் என்னுடையது.

நன்றாகத்தான் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு முன்பே ஹோகர் மார்க்ட் சதுக்கத்துக்குப் போய்விட்டோம். அங்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் பாலம்போல ஆங்கர் கடிகாரம். 1911-ல் தொடங்கி 1914-ல் முடித்தார்கள். முள் சுற்றுகிற கடிகாரமல்ல. ஒவ்வொரு மணிக்கும் வரலாற்று மனிதர் ஒருவரின் உருவம் இடமிருந்து வலமாக நகர்ந்துபோகும். ரோமானிய மன்னர் மார்கஸ் ஒரேலியஸில் தொடங்கி இசைமேதை ஹைடனில் முடியும். நண்பகலில் மட்டும் பன்னிரண்டு பேரும் வரிசையாக, அவரவர் காலத்து இசையோடு வருவார்கள். முதல் உருவம் நகர்ந்ததும் சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டான். "சாமி வருகிறது" என்றான். இசையும் மெல்ல நகரும் உருவமும் அண்ணாந்து நிற்கும் கூட்டமும் அவனுக்கு வேறு எதை நினைவூட்டும்? வீதியுலா முடியும்வரை வெறுங்காலோடு நின்றான்.

பிறகு ஐந்து நிமிட நடையில் ஸ்டெஃபான் பேராலயம். இதை இன்றைய இடத்தின் தொடர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட். தள்ளுவண்டிக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே பும்மரின் என்னும் மணி, எடை 20 டன்னுக்குமேல். துருக்கியர் விட்டுச்சென்ற பீரங்கிகளை உருக்கி வார்த்த பழைய மணி 1945 தீயில் விழுந்து நொறுங்க, அந்த உலோகத்தைக் கொண்டே இதை வார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது வாசலில் இருக்கிறது. பலர் கவனிக்காமலே உள்ளே போகிறார்கள். முன்வாசலின் இடப்பக்கச் சுவரில், எட்டும் உயரத்தில், இரண்டு இரும்புப் பட்டைகள் கிடைமட்டமாகப் பதித்திருக்கின்றன. ஒன்று நீளம், ஒன்று சற்றுக் குட்டை. அந்தக் காலத்துத் துணி அளவுகள். கடைக்காரர் அளந்து கொடுத்தது குறைகிறது என்று சந்தேகம் வந்தால் துணியை இங்கே கொண்டுவந்து பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நீளமானது லினனுக்கு, குட்டையானது கம்பளித் துணிக்கு. அப்பா முழங்கையை நீளமான பட்டையின் ஒரு முனையில் வைத்தார். நடுவிரல் நுனியில் பெரியவள் தன் விரலை வைக்க, அங்கிருந்து மறுபடி முழங்கை.

"சரியாக இரண்டு முழம்" என்றார். குட்டையானதையும் அளந்தார். இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. "பூக்காரி முழம்."

அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மணி மூன்று. "இத்தனை தூரம் வந்துவிட்டு" என்ற பேராசை. பெரியவள் கீபோர்டு கற்கிறாள், இசை இல்லம் என்ற அருங்காட்சியகம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். படிக்கட்டில் கால் வைத்தால் பியானோ ஒலிக்கும் இடம் அது. அதுவரை எல்லோரும் சிரித்தோம். மேல்மாடியில் ஒரு கோலைக் கையில் கொடுத்து, திரையில் தெரியும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தச் சொல்கிறார்கள். கை வேகமானால் இசையும் வேகமாகும். தாறுமாறானால் குழு வாசிப்பதை நிறுத்திவிட்டு நடத்துநரைக் கடிந்துகொள்ளும். வேடிக்கைக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் காலை முதல் நடந்து களைத்த ஏழு வயதுப் பிள்ளையைத் திரையிலிருந்து ஒருவர் திட்டும்போது அதில் வேடிக்கை இருப்பதில்லை. கோலைப் போட்டுவிட்டு ஓ என்று அழுதாள். அக்கா அழுவதைப் பார்த்துத் தூக்கத்திலிருந்து எழுந்த சின்னவனும் சேர்ந்துகொண்டான்.

அப்பா இருவரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டயர் சூடாகிவிட்டது. டெப்போவுக்குப் போகலாம்."

ஐந்தாம் நாள், புதன்

மழை. பதினொரு மணிவரை யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. பிறகு ஒரே இடம்: இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1889-ல் திறந்த மாளிகை. பத்தொன்பது வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. எனவே அரை மணி நேரத்தில் பிள்ளைகள் "போதும்" என்றாலும் மனம் பதைக்காது. அருங்காட்சியகத்தில் பெற்றோர் சிடுசிடுப்பது பாதி டிக்கெட் காசு நினைப்பில்தான்.

டைனோசர் கூடத்தில் ஓர் அல்லோசரஸ் தலையைத் திருப்பி உறுமுகிறது. சின்னவன் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு எட்டு முறை அழைத்துப் போகச் சொன்னான். எட்டாவது முறை பாதி பிஸ்கெட்டை அதன் முன் தரையில் வைத்துவிட்டு வந்தான். காவலர் பார்ப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். "பார்த்தாயா, சாப்பிட்டுவிட்டது" என்றான்.

வில்லெண்டார்ஃப் வீனஸ் தனி இருட்டறையில் இருக்கிறது. 1908-ல் டான்யூப் கரை ஊரில் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல் பெண் உருவம். உயரம் 11 சென்டிமீட்டர், வயது ஏறத்தாழ 29,500 ஆண்டுகள். நம் கொலுவில் மூன்றாம் படியில் வைக்கும் அளவு. பெரியவள் சுற்றிச் சுற்றி வந்தாள். "அம்மா, இவளுக்கு முகம் எங்கே?" தலை முழுவதும் வரிவரியாகச் சுருள், கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லை. வயிறும் மார்பும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர் முகத்தை ஏன் விட்டார்? எனக்குப் பதில் தெரியாது என்றேன். "ஒருவேளை தூங்குகிறாளோ என்னவோ, முடி மேலே விழுந்திருக்கும்" என்று அவளே முடித்துக்கொண்டாள். இரவு தாளில் அவளுக்கு ஒரு முகம் வரைந்தாள். பொட்டும் வைத்திருக்கிறாள்.

மரியா தெரேசா தன் கணவருக்குப் பரிசளித்த ரத்தினப் பூங்கொத்தும் இங்கேதான் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வைரங்கள். "பதினாறு பிள்ளை பெற்ற பிறகும் புருஷனுக்குப் பூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள்" என்றார் அப்பா. அம்மாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதற்குப்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாலையில் அவரை ஒரு பழைய காபிக் கடைக்கு அழைத்துப் போனேன். மெலாஞ்ச் வந்தது: நுரை போட்ட காபி, வெள்ளித் தட்டு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், தம்ளரின் வாயில் கவிழ்த்த ஸ்பூன். காபிக்கு நூற்றுக்கு ஐம்பது கொடுத்தார். தண்ணீருக்கு நூறு.

ஆறாம் நாள், வியாழன்

ரயில் மாலையில். இன்றைய இடத்தை அப்பாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். "டிராம்" என்றார். எங்கே போக? "அது எங்கே போகிறதோ அங்கே."

ரயில் நிலையத்து லாக்கரில் பெட்டிகளை வைத்துவிட்டு 'டி' டிராமில் ஏறினோம். இந்த ஊர்த் தாழ்தள டிராம்களின் வாசல் தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். தள்ளுவண்டி அப்படியே உருண்டு ஏறுகிறது. அப்பாவின் முழங்காலும் முனகவில்லை. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் முதல் இருக்கை கிடைத்தது. சுற்றுலாப் பேருந்துக்குக் காசு கொடுப்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறது. பெல்வெடேர் அரண்மனை, ஓபரா, நேற்றுப் போன அருங்காட்சியகம், நாடாளுமன்றம், நகர மண்டபம், பல்கலைக்கழகம் எல்லாம் ஜன்னலில் வந்து போகின்றன. ஓபராவிலிருந்து பல்கலைக்கழகம்வரை டிராம் போவது பழைய கோட்டைச் சுவரை இடித்துவிட்டுப் போட்ட வட்டச் சாலையில்; 1865-ல் திறந்தது.

ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் பெரிய நீரூற்று பீறிட்டுக்கொண்டிருந்தது. 1873-ல் மலையிலிருந்து குடிநீர் முதன்முதலாக ஊருக்கு வந்ததைக் கொண்டாடக் கட்டியது. ராக்ஸ், ஷ்னீபெர்க் மலைச் சுனைகளிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் சரிவிலேயே ஓடி வருகிறது, பம்பு இல்லாமல். ஐந்து நாளாக நாங்கள் தெருக்குழாயில் பாட்டிலை நிரப்பிக் குடிப்பது அந்தத் தண்ணீர்தான் என்றதும், காவிரிப் பாசனத்தில் பிறந்த மனிதர் திரும்பி உட்கார்ந்து நீரூற்று மறையும்வரை பார்த்தார். "வாட்டம் பார்த்து வெட்டியிருக்கிறான்."

முக்கால் மணி நேரத்தில் நுஸ்டார்ஃப். சரிவில் திராட்சைத் தோட்டங்கள், ஓடைக்கரையில் பீத்தோவன் நடந்த பாதை. குழந்தைகள் ஓடையில் கல் எறிந்தார்கள். அப்பா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் டிராமுக்கு ஓட்டுநர் அறை ஒரு முனையில்தான் இருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் வளையமான தண்டவாளத்தில் முழு வண்டியும் சுற்றித் திரும்புகிறது. ஓட்டுநர் இறங்கி நின்று தெர்மோஸைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்பா நேராக அவரிடம் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன் மொழிபெயர்க்க.

"முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினேன் என்று சொல்."

சொன்னேன். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் புருவம் உயர்ந்தது.

"தண்டவாளம் இல்லாமலா?" என்றார்.

அதை மொழிபெயர்த்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் தெர்மோஸ்காரரும் சேர்ந்துகொண்டார். திரும்பும் வண்டி அதேதான், அதே ஓட்டுநர். கிளம்பும்போது முன்னால் யாருமே இல்லை. ஆனாலும் ஒரு முறை மணி அடித்தார். சின்னவன் அது தனக்காக என்றான். அப்பா மறுத்துப் பேசவில்லை.

நிலையத்தில் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுபடி அப்பாவைக் காணவில்லை. இந்த முறை பதறவில்லை. அந்த மளிகைக் கடைக்கே போய்ப் பார்த்தேன். வரிசையில் நின்றுகொண்டிருந்தார், கையில் அரை லிட்டர் பால்.

"அப்பா, இன்று வியாழக்கிழமை. மியூனிக்கில் நம் வீட்டில் பால் இருக்கிறது."

"இருக்கட்டும்" என்றார். பெட்டியில் மாட்டுப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை என்னிடம் நீட்டினார். "இது மோர் இல்லையே?"